ரோம் மாற்றிய டேப் எழவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு கோபியிலிருந்து அண்ணன் மகள் கூப்பிட்டாள். "சித்தப்பா, டேப்புல லோகோ வருதுங், அணையுதுங், மறுபடி லோகோ வருதுங்." ஆண்ட்ராய்டு 10ஓடு அப்டேட் நின்றுபோன டேப் அது. படிக்கிற செயலி இனிமேல் அதில் ஓடாது என்று சொல்லிவிட்டதால், கூடப் படிக்கிற பையனோடு உட்கார்ந்து வேறு ரோம், அதாவது வெளியாள்கள் தயாரித்த வேறொரு ஆண்ட்ராய்டு சிஸ்டம், போட்டிருக்கிறாள். எழவில்லை. கூப்பிடும்போதே இன்னொரு கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு பிளாஷ் செய்ய, அதாவது டேப்பின் உள்நினைவில் எழுத, தயாராக இருந்தார்கள்.

"எதையும் தொடாத கண்ணு. கேபிளைக் கழட்டு. வீடியோ கால்ல வா."

திருப்பூரில் நான் மொபைல், டேப் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். "செத்துப்போச்சு" என்று என் மேசைக்கு வரும் டேப்களில் முக்கால்வாசி முதல் தவறில் சாகவில்லை. முதல் பிளாஷ் சரியாகப் போகவில்லை என்றதும் பதறி, கையில் கிடைத்த கோப்பையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடித்ததில்தான் செத்திருக்கின்றன. எழாத டேப்பும் தான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்பதைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கைவைத்தால் வேலை பாதியாகக் குறையும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

ஒரு குறிப்பு. கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதல் படி: கையை எடுங்கள், கரண்ட்டைப் பாருங்கள்

பவர் பட்டனையும் வால்யூம் டவுனையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து நொடி அழுத்தினால் பெரும்பாலான டேப்கள் அணைந்து திரும்ப எழ முயலும். சிலவற்றில் பவர் பட்டனை மட்டும் அரை நிமிடம் பிடிக்க வேண்டியிருக்கும். இது எதையும் அழிக்காது. தாராளமாகச் செய்யலாம்.

அடுத்தது பேட்டரி. லோகோ திரும்பத் திரும்ப வரும் நிலையில் டேப் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் அடிமட்டத்துக்குப் போய்விடும். பல டேப்கள், கணினியிலிருந்து கட்டளை வாங்கும் ஃபாஸ்ட்பூட் திரையில் இருக்கும்போது சார்ஜும் ஏறாது. அதனால் அணைக்க முடிந்தால் அணைத்து, டேப்போடு வந்த சார்ஜரில் ஒரு மணி நேரம் போடுங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நான் எதையும் பிளாஷ் செய்வதில்லை.

கரண்ட் என்றதும் நம் ஊருக்கான விஷயம் ஒன்று. பல்லடமோ சோமனூரோ பெருந்துறையோ, மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். பேப்பரில் முதல் நாளே வந்துவிடும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், ஃபர்ம்வேர் (கம்பெனி தரும் அடிப்படை மென்பொருள்) பாதி எழுதியிருக்கும்போது கரண்ட் போனால் அந்தப் பகுதி அரைகுறையாக நின்றுவிடும். டேப்பை முதலில் எழுப்பும் சிறு நிரலான பூட்லோடரை எழுதும்போது அப்படி ஆனால் திரும்ப எடுப்பது மிகவும் சிரமம். பேட்டரி நன்றாக உள்ள லேப்டாப்பில் செய்யுங்கள். பழைய லேப்டாப்பாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த வேலைக்கு வேகம் தேவையில்லை.

இரண்டாம் படி: எங்கே நிற்கிறது?

அண்ணன் மகளிடம் நான் செய்யச் சொன்ன முதல் காரியம் எண்ணுவது. "லோகோ தெரிஞ்சதுல இருந்து எண்ணு, அணைஞ்சதும் நிறுத்து." கேமராவை டேப் மேல் காட்டிக்கொண்டே எண்ணினாள். பதினொன்றில் அணைந்தது. அடுத்த முறையும் பதினொன்று. மூன்றாவது முறை பன்னிரண்டு, அது அவள் எண்ணிய வேகம். ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில் விழுகிறது என்றால் ஒரே இடத்தில் இடறுகிறது என்று பொருள். அது சாஃப்ட்வேர்க் கோளாறின் குணம். ஒரு தடவை ஐந்து நொடி, ஒரு தடவை நாற்பது நொடி, சார்ஜர் போட்டால் கொஞ்சம் தாங்குகிறது என்றால் நான் முதலில் பேட்டரியையும் பவர் பட்டனையும்தான் சந்தேகப்படுவேன்.

டேப் எழும் வரிசையைத் தெரிந்துகொண்டால் இது எளிது. முதலில் பூட்லோடர் எழுகிறது, அது சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுப்புகிறது, கெர்னல் சிஸ்டத்தை எழுப்புகிறது, கடைசியில் உங்கள் டேட்டா திறக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் திரையில் ஓர் அடையாளம் உண்டு.

திரையில் ஒன்றுமே இல்லை, அதிர்வும் இல்லை. பூட்லோடரே எழவில்லை, அல்லது பேட்டரி முழுவதும் காலி.

கம்பெனி லோகோ வந்து அசையாமல் நிற்கிறது, அல்லது அணைந்து அணைந்து வருகிறது. பூட்லோடருக்கு உயிர் இருக்கிறது. கெர்னல் உள்ள பூட் பகுதியிலோ, கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் விபிமெட்டா பகுதியிலோ, சில சமயம் டேட்டாவைத் திறப்பதிலோ தடுமாற்றம்.

லோகோவைத் தாண்டி, ரோமுடைய அனிமேஷன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கெர்னல் எழுந்துவிட்டது. சிஸ்டம், டேட்டா, கூகுள் செயலிகள், மேஜிஸ்க் என்ற கருவியோடு சேர்க்கும் மாட்யூல் இவற்றில் ஒன்று முட்டுகிறது. எனக்குப் பிடித்த கோளாறு இதுதான், ஏனென்றால் அநேகமாகச் சரியாகிவிடும்.

தானாகவே ரெக்கவரி என்ற பழுதுபார்க்கும் திரைக்குப் போய், ஆண்ட்ராய்டை ஏற்ற முடியவில்லை, டேட்டா கெட்டிருக்கலாம் என்று எழுதிக் காட்டுகிறது. பல முறை விழுந்து எழுந்த பிறகு ஆண்ட்ராய்டு தானே எடுக்கும் முடிவு அது. பயப்பட ஒன்றுமில்லை. ரெக்கவரி நன்றாக இருக்கிறது என்ற நல்ல செய்தியும் அதில் இருக்கிறது.

இதோடு ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வெளி ரோம் போடுவதற்காகப் பூட்லோடரை அன்லாக் செய்த டேப், எழும்போதெல்லாம் ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டும். சாதனத்தின் பூட்டு திறந்திருக்கிறது, நம்ப முடியாது என்கிற மாதிரி. அது கோளாறு இல்லை. இதைப் பார்த்துப் பயந்து பூட்லோடரைத் திரும்ப லாக் செய்து, நன்றாக ஓடிய டேப்பைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. வெளி ரோம் உள்ளே இருக்கும்போது பூட்லோடரை லாக் செய்யவே கூடாது. கையெழுத்து ஒத்துப்போகாமல் டேப் எழ மறுக்கும், அப்புறம் அன்லாக் செய்யவும் வழி இல்லாமல் போகலாம்.

புதிய ரோம் போட்டபின் முதல் தடவை எழுவதற்குப் பதினைந்து நிமிடம் வரை ஆகலாம். பழைய டேப்பில் அந்த நேரம் நீண்டதாகத் தெரியும். அனிமேஷன் சுற்றிக்கொண்டிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம் படி: கணினிக்கு டேப் தெரிய வேண்டும்

அடுத்த எல்லாவற்றுக்கும் கேபிள் தொடர்பு வேண்டும். இங்கேதான் அதிக நேரம் வீணாகும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடைகளில் கிடைக்கும் மலிவான கேபிள்களில் பல சார்ஜுக்கு மட்டும்தான். உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. சந்தேகமாக இருந்தால் அந்தக் கேபிளில் வேறொரு போனை மாட்டி, படங்கள் கணினியில் தெரிகிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேரடியாக மாட்டுங்கள். நீல நிறத் துளையில் தொல்லை கொடுத்தால் கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள். வேகமான யூஎஸ்பி 3 துளையில் ஃபாஸ்ட்பூட் தடுமாறுவது சில கணினிகளில் வழக்கமாகவே நடக்கிறது.

கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் தொகுப்பைப் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். கணினியிலிருந்து டேப்புக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி, ஃபாஸ்ட்பூட் என்ற இரண்டு கருவிகளும் அதில் இருக்கும். யாரோ சுருக்கிக் கொடுத்த பழைய ஏடிபி கோப்புகள் வேண்டாம். புது டேப்களின் பகுதி அமைப்பு பழைய ஃபாஸ்ட்பூட்டுக்குப் புரியாது.

ஆண்ட்ராய்டு அல்லது ரெக்கவரி எழுந்திருந்தால் "ஏடிபி டிவைசஸ்" என்று அடிக்க வேண்டும். ஃபாஸ்ட்பூட் திரையில் இருந்தால் "ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்". ஒரு வரி எண்ணும் எழுத்துமாக வந்தால் தொடர்பு கிடைத்துவிட்டது. ஏடிபியில் அன்ஆத்தரைஸ்டு என்று வந்தால் டேப் திரையில் அனுமதி கேட்டு நிற்கிறது. ஃபாஸ்ட்பூட் டிவைசுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அப்படியே நின்றால் விண்டோஸில் டிரைவர் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ஆண்ட்ராய்டு என்று ஒரு வரி இருக்கும். அதற்கு டிரைவர் அப்டேட் கொடுத்து, ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ் என்பதைக் கையால் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் என்றால் இந்த வேலையே இல்லை. அனுமதி இல்லை என்று வந்தால் கட்டளைக்கு முன்னால் சுடோ சேர்த்தால் போதும்.

சாம்சங் டேப்களில் ஃபாஸ்ட்பூட் கிடையாது. அவற்றுக்கு டவுன்லோட் மோடும் ஓடின் என்ற விண்டோஸ் மென்பொருளும். டேப்பை அணைத்துவிட்டு, இரண்டு வால்யூம் பட்டன்களையும் பிடித்தபடி கணினியோடு இணைத்த கேபிளைச் செருகினால் பெரும்பாலானவற்றில் அந்த நீலத் திரை வரும்.

திரை முழுக்க இருட்டாக இருக்கும் டேப்பையும் கணினியில் மாட்டிப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு மாட்ட வேண்டும். குவால்காம் 9008 என்று ஒரு போர்ட் தெரிந்தால் சிப் அவசர நிலையில் காத்திருக்கிறது. மீடியாடெக் பிரீலோடர் என்று இரண்டு நொடி வந்து மறைந்தால் அதற்கும் உயிர் உண்டு. ஆனால் இந்த இரண்டு நிலையிலும் அந்தந்த மாடலுக்கே உரிய கோப்புகளும் அனுபவமும் வேண்டும். முதல் தடவை செய்பவர் இங்கே நிறுத்திக்கொண்டு, தெரிந்த ஆளிடம் கொடுப்பது நல்லது. கேபிள், துளை, சார்ஜ் எல்லாம் மாற்றியும் கணினியில் ஒரு சத்தமும் இல்லை என்றால் போர்டு வேலை.

நான்காம் படி: போட்ட கோப்பு சரியான கோப்புதானா?

திரும்பப் பிளாஷ் செய்யும் முன் இதைப் பார்க்காதவர்களே அதிகம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் ஆறு டேப்கள், எல்லாம் ஒரே மாதிரி உறையில். ஐந்தில் ரோம் ஏறியது, ஆறாவதில் மட்டும் எரர் 7. சூப்பர்வைசர் என்னிடம் கொண்டுவந்தார். "ஏனுங், அஞ்சும் நல்லா ஓடுதுங், இது மட்டும் எதுக்குங் மொரண்டு புடிக்குது?" பின்பக்கம் அழிந்துபோன எழுத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் அது சிம் போடும் மாடல். மற்ற ஐந்தும் வைஃபை மட்டும். வெளியே பார்த்தால் சிம் தட்டைத் தவிர வித்தியாசமே தெரியாது.

சாம்சங் கேலக்ஸி டேப் ஏ7, 2020ல் வந்தது, இதற்கு நல்ல உதாரணம். வைஃபை மாடல் டி500, எல்டிஇ மாடல் டி505. கடைசி எண் ஒன்று மாறினாலும் ஃபர்ம்வேர் வேறு. எரர் 7 என்றால், இந்தத் தொகுப்பு வேறு சாதனத்துக்கானது என்று ரெக்கவரி உங்களைத் தடுத்துக் காப்பாற்றுகிறது. தொகுப்பைப் பிரித்து அந்தச் சரிபார்ப்பு வரியை நீக்கிவிட்டுப் போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். டேப்பின் பின்பக்கம் உள்ள மாடல் எண்ணையும் கோப்பின் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ரெக்கவரியே பழையதாக இருந்தாலும் இதே எரர் வரும். அப்போது ரெக்கவரியைப் புதிதாக்கினால் போதும்.

அடுத்து, கோப்பு முழுதாக இறங்கியதா? பதிவிறக்கப் பக்கத்தில் எஸ்ஹெச்ஏ 256 என்று, கோப்பின் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் இருக்கும். விண்டோஸோடு வரும் செர்ட்யூட்டில் கருவியால் உங்கள் கோப்பின் எண்ணை எடுத்து ஒப்பிடலாம். தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து விட்டுவிட்டு வரும் மொபைல் நெட்டில் ஒரு ஜிபி இறக்கினால், கடைசிச் சில மெகாபைட் இல்லாமல் முடிந்ததாகக் காட்டுவது நடக்கிற காரியம்தான்.

இதில் இன்னொரு பீதியும் உண்டு. ஏடிபி சைட்லோடு மூலம் ரோம் அனுப்பும்போது கணினியில் 47 சதவீதத்தில் நின்று, கட்டளையைப் படிக்க முடியவில்லை என்றும் கூடவே வெற்றி என்றும் முரணாக ஒரு வரி வரும். பாதியில் நின்றுவிட்டது என்று கேபிளைப் பிடுங்க வேண்டாம். டேப் திரையைப் பாருங்கள். அதில் எரர் இல்லை என்றால் ரோம் முழுதாக ஏறிவிட்டது.

ஐந்தாம் படி: குறைவாக அழிப்பதிலிருந்து கூடுதலாக அழிப்பதற்கு

ஒவ்வொன்றையும் செய்தபின் ஒரு தடவை எழுப்பிப் பாருங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

மேஜிஸ்க் போட்டு ரூட் செய்த, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்த, டேப் என்றால் மாட்யூலைச் சந்தேகப்படுங்கள். அனிமேஷன் சுற்றும்போது வால்யூம் டவுனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஆண்ட்ராய்டு சேஃப் மோடில் எழும். மேஜிஸ்க்கும் அதைப் பார்த்து எல்லா மாட்யூல்களையும் நிறுத்திவிடும். அப்படி எழுந்துவிட்டால் சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்து, மாட்யூல்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். ஒன்றும் அழியாது.

ரூட் செய்தவுடனே லோகோவில் நின்றால், மாற்றிய பூட் கோப்பு இப்போது உள்ள ரோமோடு பொருந்தவில்லை. இதே ரோம் தொகுப்புக்குள் இருக்கும் அசல் பூட் கோப்பை எடுத்து, பூட் பகுதியில் மட்டும் எழுதுங்கள். "ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் பூட்" என்று எழுதி, கடைசியில் கோப்பின் பெயர். போன மாத ரோமின் பூட் கோப்பு உதவாது. அதே தேதியுடையதுதான் வேண்டும்.

இப்போது கோபி டேப்புக்கு வருகிறேன். ரோம் சரி, மாடல் சரி. "டேட்டாவை வைப் பண்ணினீங்களா?" என்று கேட்டேன். "பண்ணினோம் சித்தப்பா, ஸ்வைப் பண்ணினோம்" என்றாள். கோளாறு அங்கேதான். டிடபிள்யூஆர்பி என்ற வெளி ரெக்கவரியில் வைப் என்று ஸ்வைப் செய்வது ஒன்று, ஃபார்மட் டேட்டா என்பது வேறு. முதலாவது செயலிகளை அழிக்கிறது, ஆனால் உள்சேமிப்பையும் அதன் குறியாக்கத்தையும் அப்படியே விட்டுவிடுகிறது. கம்பெனி சிஸ்டம் பூட்டிய பெட்டியைப் புது ரோம் திறக்கப் பார்க்கிறது, சாவி பொருந்தவில்லை, விழுகிறது. ஃபார்மட் டேட்டா என்பது அந்தப் பெட்டியையே எடுத்துப் புதிதாகச் செய்வது. அதைத் தொட்டால் யெஸ் என்று தட்டச்சு செய்யச் சொல்லும். தட்டச்சு செய்யச் சொல்லவில்லை என்றால் நீங்கள் ஃபார்மட் செய்யவில்லை. லினேஜ் என்ற ரோமோடு வரும் ரெக்கவரியில் ஃபேக்டரி ரீசெட் என்பதற்குள் இதே பெயரில் இருக்கும்.

இதில் படங்கள், பாடக் குறிப்புகள் எல்லாம் போய்விடும். அதனால் அதற்கு முன் ஒரு முயற்சி. ரெக்கவரி உங்கள் பின் எண்ணைக் கேட்டு, கொடுத்தால் ஏற்றுக்கொண்டு, கோப்புகளைப் பெயரோடு காட்டினால், "ஏடிபி புல்" மூலம் படங்கள் உள்ள டிசிஐஎம், டவுன்லோட் கோப்புறைகளைக் கணினிக்கு இழுத்துவிடுங்கள். பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்துக் கோவையாகத் தெரிந்தால் பெட்டி திறக்கவில்லை என்று பொருள். அந்தப் படங்கள் திரும்பாது. யாராவது பணம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம்.

அவளிடம் குறிப்புகளின் நகல் கூகுள் டிரைவில் இருந்தது. ஃபார்மட் செய்தாள். நான்கு நிமிடத்தில் ரோமின் வரவேற்புத் திரை வந்தது.

அதற்கும் அசையாமல் லோகோவிலேயே விழும் டேப்பில் விபிமெட்டா பகுதியைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு எழும்போது, பகுதிகள் கம்பெனி கையெழுத்திட்டபடியே இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் பட்டியல் அது. சில டேப்கள் பூட்லோடர் அன்லாக் ஆன பிறகும் இதில் விடாப்பிடியாக இருக்கும். டேப்பில் உள்ள அதே ஃபர்ம்வேரின் விபிமெட்டா கோப்பை, டிசேபிள் வெரிட்டி, டிசேபிள் வெரிஃபிகேஷன் என்ற இரண்டு கொடிகளோடு (கட்டளையோடு சேர்க்கும் குறிப்புகள்) ஃபாஸ்ட்பூட்டில் எழுத வேண்டும். அதன்பின் பெரும்பாலும் டேட்டாவை ஒருமுறை ஃபார்மட் செய்ய வேண்டிவரும்.

சிஸ்டத்தை வைக்க ஏ, பி என இரண்டு இடம், அதாவது ஸ்லாட், உள்ள டேப்களில், புது ரோம் ஒரு ஸ்லாட்டிலும் பழைய நல்ல சிஸ்டம் இன்னொன்றிலும் இருக்கலாம். "ஃபாஸ்ட்பூட் செட் ஆக்டிவ்" மூலம் மற்றதற்கு மாறிப் பார்க்கலாம், செட்டுக்கும் ஆக்டிவுக்கும் நடுவில் அடிக்கோடு உண்டு. மற்ற ஸ்லாட்டில் முன்பு டேப் ஓடியது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மாறுங்கள். காலியான ஸ்லாட்டுக்கு மாறினால் சில டேப்கள் திரையே எழாமல் போய்விடும்.

இத்தனைக்கும் எழவில்லை என்றால் குருட்டாம்போக்கில் போகாமல் பதிவுகளை எடுங்கள். அனிமேஷன் கட்டத்தில் "ஏடிபி லாக்கேட்" ஓடினால் அதைக் கோப்பாகச் சேமித்து, ஃபேட்டல் என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரே செயலியின் பெயர் அதோடு திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பெரும்பாலும் அது கூகுள் சேவைகளாக இருக்கும். கூகுள் தொகுப்பை ரோம் போட்ட கையோடு, முதல் தடவை எழுப்பும் முன்பே போட வேண்டும். எழுப்பிய பிறகு போட்டால் அனுமதிகள் குழம்பி இப்படி விழும். ஆண்ட்ராய்டு பதிப்பும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் பொருந்த வேண்டும்.

எழுந்துவிட்டது, ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை

வைஃபை ஆன் ஆகவில்லை, சத்தம் வரவில்லை, தொடுதிரை ஓரங்களில் கேட்கவில்லை என்றால், அநேகமாகக் கம்பெனி ஃபர்ம்வேர் ரோம் எதிர்பார்க்கும் பதிப்பில் இல்லை. ரோம் பக்கத்தில், இந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் ஃபர்ம்வேர் மேல் போடவும் என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறோம். கம்பெனி சிஸ்டத்துக்குத் திரும்பி, அந்தப் பதிப்புக்கு ஏற்றி, அதன்மேல் ரோம் போட்டால் சரியாகும்.

வைஃபை சேர்ந்தும் நெட் வரவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். 1970 என்று இருந்தால் எந்த இணையப் பக்கத்தின் சான்றிதழும் செல்லாது. தேதியைக் கையால் சரிசெய்தால் போதும்.

பிளே ஸ்டோரில் சாதனம் சான்று பெறவில்லை என்று வந்தால், கூகுள் இதற்கென்றே வைத்திருக்கும் பக்கத்தில் டேப்பின் ஜிஎஸ்எஃப் ஐடி என்ற அடையாள எண்ணைப் பதிய வேண்டும். அப்புறம் சிறிது நேரம் கழித்து ரீஸ்டார்ட் செய்தால் உள்ளே விடும்.

வங்கிச் செயலி, யூபிஐ செயலி திறக்கவில்லை என்பது வேறு கதை. பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை, பூட்லோடர் திறந்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுகிறது. அதை ஏமாற்ற மாட்யூல்கள் வந்துகொண்டேதான் இருக்கும், கூகுளும் அடைத்துக்கொண்டே இருக்கும். ரூட் செய்த டேப்பில் பணம் புழங்குவது எனக்கு உடன்பாடில்லை. அதைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். படம் பார்க்கும் செயலிகளில் தெளிவு 480பி அளவுக்குக் குறைவதும் இதே காரணத்தால்தான். படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் வைட்வைன் பாதுகாப்பு எல்1லிருந்து எல்3க்கு இறங்கியிருக்கும். படிப்புக்கு வைத்திருக்கும் டேப்பில் இது ஒரு குறையே இல்லை.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்றால் இரண்டு நாள் பொறுங்கள். முதல் நாட்களில் எல்லாச் செயலிகளும் பின்னணியில் தங்களைத் தயார்செய்துகொண்டிருக்கும். பேட்டரி ஸ்டாட்ஸ் கோப்பை அழித்தால் சார்ஜ் நீண்ட நேரம் நிற்கும் என்பது பல வருடமாகச் சுற்றும் நம்பிக்கை. அது கணக்கு எழுதும் நோட்டு மட்டும்தான், அதைக் கிழித்தால் செலவு குறையாது.

சிம் டேப்பில் நெட்வொர்க் போனால் *#06# அடித்துப் பாருங்கள். ஐஎம்இஐ (சாதனத்தின் அடையாள எண்) காலியாகவோ பூஜ்யங்களாகவோ வந்தால், அதை வைத்திருக்கும் பகுதி அழிந்திருக்கிறது. சாம்சங்கில் அது ஈஎஃப்எஸ், மீடியாடெக்கில் என்விரேம். பிளாஷ் செய்யும் முன் எடுத்து வைத்த நகல் இருந்தால் அதை மீட்டால் போதும். நகல் இல்லை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் வழி. வேறொரு எண்ணை எழுதித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது 2017ஆம் ஆண்டின் விதிகளிலேயே குற்றமாக இருந்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது.

கம்பெனி சிஸ்டத்துக்கே திரும்புவது

எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் இது. சாம்சங்கில் ஓடினைத் திறந்தால் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று இடங்கள் இருக்கும். ஃபர்ம்வேர் தொகுப்பில் அதே எழுத்துகளில் தொடங்கும் கோப்புகள் இருக்கும், அந்தந்த இடத்தில் வைக்க வேண்டியதுதான். சிஎஸ்சி கோப்பு டேட்டாவை அழிக்கும், ஹோம் சிஎஸ்சி அழிக்காது. வெளி ரோமிலிருந்து திரும்புகிறவர்கள் சிஎஸ்சியையே போடுங்கள், பழைய டேட்டாவோடு மறுபடி சிக்கிக்கொள்ள வேண்டாம். வைஃபை மாடலுக்குப் பொதுவாக சிபி கோப்பு இருக்காது, அந்த இடத்தைக் காலியாக விடலாம்.

ஃபர்ம்வேர் எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து பூட்லோடரின் படிநிலை. டேப்பில் 3 இருந்தால் 3 அல்லது அதற்கு மேலானதுதான் ஏறும். 2 உள்ளதைப் போட்டால் ரிவிஷன் சோதனை தோல்வி என்று சிவப்பில் வந்து நின்றுவிடும். டேப் சாகவில்லை, சரியான ஃபர்ம்வேரைத் தேடிப் போடுங்கள்.

அதிகாரபூர்வக் கோப்புகளை மட்டுமே ஏற்பேன் என்று டவுன்லோட் மோடில் சொன்னால், அன்லாக் செய்த பிறகு ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. கம்பெனி சிஸ்டத்தில் எழுப்பி, செட்டப்பை முடித்து, நெட்டில் இணைத்து, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஇஎம் அன்லாக் மங்கலாகவும் ஆன் நிலையிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் ரெக்கவரி ஏறும். ரெக்கவரி போடும்போது ஓடினில் ஆட்டோ ரீபூட் டிக்கை எடுத்துவிட்டு, முடிந்ததும் பட்டன்களால் நேராக ரெக்கவரிக்குப் போங்கள். ஒரு தடவை சாதாரணமாக எழுந்தால் கம்பெனி ரெக்கவரி வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளிக் கோப்பு ஏறியதைப் பதிந்துவைக்கும் சாம்சங்கின் நாக்ஸ் உருகி ஒரு தடவை விழுந்துவிட்டால் எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் திரும்பாது, இதை முன்பே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மீடியாடெக் சிப் உள்ள டேப்களுக்கு எஸ்பி ஃபிளாஷ் டூல் என்ற கணினி மென்பொருளில் டவுன்லோட் ஒன்லி என்பதை மட்டும் தொடுங்கள். ஃபார்மட் ஆல் என்பது என்விரேமையும் சேர்த்து அழித்துவிடும். ஐஎம்இஐ போவது பெரும்பாலும் இந்த ஒரு கிளிக்கில்தான். கம்பெனி சிஸ்டம் முழுதாக எழுந்து, வைஃபை, சத்தம், கேமரா எல்லாம் பார்த்தபின் விருப்பப்பட்டால் பூட்லோடரை லாக் செய்யலாம். அதுவும் டேட்டாவை அழிக்கும். லாக் செய்யும் முன் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

கோபி டேப்பின் உறைக்கு உள்பக்கம் ஒரு துண்டுத்தாள் ஒட்டச் சொன்னேன். மாடல் எண், போட்ட ரோமின் தேதி, ஃபர்ம்வேர் எண், கூகுள் தொகுப்பின் பெயர், நான்கே வரி. ரோம் கோப்பு, அதன் பூட் கோப்பு, ஈஎஃப்எஸ் நகல் மூன்றும் அவள் அப்பாவின் லேப்டாப்பில் ஒரு கோப்புறையில் இருக்கின்றன. அடுத்த அப்டேட் வந்தபோது அந்தத் தாளைப் பார்த்துத் தானே போட்டுக்கொண்டாள்.